இடது கையைத் தூக்குங்க

கைக்கட்டுத் துணியின் ஒரு முனை அப்பாவிடம் இருந்தது, மறுமுனை மகளிடம். மூன்று விரல் அகலம். நடைவழியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீளம். குத்துச்சண்டைக்காரர்கள் கையுறை போடுவதற்கு முன் விரல் முட்டிகளையும் மணிக்கட்டையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும் பருத்தித் துணி அது. துவைத்துக் காயப்போட்டால் முறுக்கிக்கொண்டு நிற்கும். நீவி நேராக்கிச் சுருட்ட இரண்டு ஆள் இருந்தால் நல்லது.

மகள் நின்ற இடத்திலேயே நின்று இழுத்துப் பிடித்திருப்பாள். அப்பா சுருட்டிக்கொண்டே நடந்து வருவார். சுருள் பருக்கப் பருக்க அவர் நெருங்குவார். துணி தீரும்போது அவர் விரல்கள் அவள் விரல்களைத் தொடும். உடனே எடுத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் நடக்கும் இந்த வேலையை விட்டால் அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் தொடுவதற்கு வேறு சந்தர்ப்பம் கிடையாது.

அன்றைக்கு மகளின் வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாக்குவாதம் நடந்திருந்தது. அவள் வேலை உலோகத்தை உடைப்பது. துண்டுகளை இயந்திரத்தில் மாட்டி வளைத்துக்கொண்டே இருப்பாள். விரிசல் விட்டதும் உடைந்த பரப்பைப் பெரிதாக்கிப் பார்த்து, எங்கே தொடங்கியது, எப்படி ஓடியது என்று எழுதிக் கொடுப்பாள். கூட வேலை பார்ப்பவர்கள் வரப்போகும் ஒரு குத்துச்சண்டையைப் பற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். ஒருவன் அடி படாமல் ஆடுவதில் மன்னன். இன்னொருவன் கை பட்டால் ஆள் காலி. மகளிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். அவள் வீட்டில்தான் ஒரு பழைய குத்துச்சண்டைக்காரர் இருக்கிறாரே. அவள் அந்தக் கேள்வியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"தடுத்துத் தடுத்தே ஆடுறவன், பலமா அடிக்கிறவனைத் தாங்குவானாப்பா?"

அப்பா சுருட்டிக்கொண்டே வந்தார். கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. அவரோடு பேசுவதில் இது வழக்கம்தான்.

"கணக்குப்படி தாங்க முடியாது," என்றாள் அவளே. "அடிக்கிறவனுக்கு ஒண்ணு பட்டா போதும். தடுக்கிறவன் எல்லாத்தையும் தடுக்கணும். எங்கயாவது ஒண்ணு தவறத்தானே செய்யும்?"

அவர் பக்கத்தில் வந்துவிட்டார். சுருளை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார்.

"அடிக்கிற கையும் தாங்கணும்ல?" என்றார்.

அவ்வளவுதான். பிறகு துணியின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்துபோய்விட்டது, நாளைக்குப் போகிற வழியில் புதுசு ஒன்று வாங்க வேண்டும், கொஞ்சம் அகலமானதாக என்றார். இரண்டு சுருளையும் பையில் வைத்து, பையைக் கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டினார்.

மறுநாள் காலை காலணி மாட்ட நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு காலில் காலணி இருந்தது. இன்னொன்று கையில் இருந்தது.

*

வெளியில் அவருக்குப் பெயர் விலாங்கு. பிடிக்குள் அகப்படாத மீன். இளவயதில் குத்துச்சண்டை மேடையில் கிடைத்த பெயர், மின்சார மீட்டர் பார்க்கும் வேலைக்கு வந்தபிறகும் ஒட்டிக்கொண்டது. அதற்கு நாய்கள் காரணம். மீட்டர் பார்ப்பவர் எல்லா வீட்டு வேலியையும் தாண்டி உள்ளே போகவேண்டும். அவரோடு வேலை பார்த்தவர்களில் கெண்டைக்காலில் பல் தடம் இல்லாதவர் கிடையாது. அப்பாவை மட்டும் ஒரு நாயும் கடித்ததில்லை. பாயும் நாய்க்கு அவர் கம்பைக் காட்டமாட்டார், ஓடமாட்டார். அரை அடி நகர்வார். நாய் போய்ப் பூந்தொட்டியில் மோதி, அவமானத்தோடு திரும்பிப் பார்க்கும். இரண்டாம் முறை பாயாது.

நகரத்தில் பாதி வீடுகளின் பின்சுவர் அவருக்குத் தெரியும். எந்த வீட்டின் கூடமும் தெரியாது. "உள்ள வாங்க" என்று யாராவது சொன்னால், "இன்னும் நிறைய வீடு இருக்கு" என்று நகர்ந்துவிடுவார்.

அம்மாவிடமும் அப்படித்தான். அவரோடு சண்டை போடுவதும் காற்றோடு சண்டை போடுவதும் ஒன்று என்று அம்மா சொல்வாள். மகள் கல்லூரிக்கு வெளியூர் போன வருஷம், அம்மா கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று தன் அக்கா வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போயிற்று. யாரும் யாரையும் விட்டுப் போனதாகச் சொல்லவில்லை. படிப்பு முடிந்து மகளுக்குச் சொந்த ஊரிலேயே சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்து, அவள் பெட்டியோடு திரும்பி வந்தபோது அப்பா கதவைத் திறந்து, "வந்துட்டியா" என்றார். அவளுடைய பழைய அறையில் விளக்கு மாற்றியிருந்தார்.

இப்போது அப்பாவின் காரியங்கள் எல்லாம் முடிந்த மறுநாள், அம்மா சமையலறையில் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்து அடுக்கியிருந்த பாத்திரங்கள்.

"இவர்கிட்ட சண்டை போட்டு ஒரு தடவைகூட நான் ஜெயிச்சதில்லடி," என்றாள். "தோத்ததும் இல்ல. நான் தொண்டை கிழியக் கத்துவேன். முழுசாக் கேட்டுட்டு, 'அடுப்புல பால் பொங்குது பாரு'ன்னுவாரு. போய்ப் பார்த்தா நெஜமாவே பொங்கியிருக்கும். அதுதான் இன்னும் ஆத்திரம்."

சிரித்தாள். பிறகு ஒரு தட்டை எடுத்து மறுபடி துடைத்தாள். மகள் அவளிடம், சனிக்கிழமைகளில் அப்பா எங்கே போவார் என்று தெரியுமா என்று கேட்டாள். வேறெங்கே, பயிற்சிக்கூடத்துக்குத்தான், கல்யாணம் ஆன நாளிலிருந்தே போவார், கைக்கட்டுத் துணியோடு போவார், ஈரத்துணியோடு வருவார் என்றாள் அம்மா. ஒருநாள்கூட என்னைக் கூட்டிப்போனதில்லை என்றும் சொன்னாள்.

மகள் நினைத்திருந்ததும் அதுதான். எழுபது வயதில் இன்னும் மணல்மூட்டையைக் குத்துகிறார் என்று வேலையிடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

அம்மா ஊருக்குப் போனபின் வீடு பழையபடி ஆயிற்று. அப்பா இருந்தபோதும் சத்தம் இருந்ததில்லை. ஆனால் அந்தச் சத்தமின்மையை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது முழுவதும் அவள் தலையில் விழுந்தது. சாயங்காலங்களில் அவள் ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் படுக்கைக்குப் போனாள். அதைவிட இன்னொன்று உறுத்தியது. அப்பா இறந்ததற்கு வந்தவர்கள் மின்சார அலுவலகத்து ஆட்கள் நாலு பேர், அம்மா, பக்கத்து வீடு. அவர்களில் ஒருவரும் அவரைப் பற்றி ஒரு கதை சொல்லவில்லை, நாய்க்கதையைத் தவிர. இந்த மனிதர் வாழ்நாளில் யாரிடமாவது மனம் விட்டுப் பேசியிருப்பாரா? அவளுக்கு அது தெரியவேண்டியிருந்தது. தெரியாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள்.  உறுத்தல் போகவில்லை.

பையை ஆணியிலிருந்து எடுக்கப்போனபோது கதவின் பித்தளைக் கைப்பிடியைக் கவனித்தாள். அதன் கழுத்தில் ஒரு இடம் மட்டும் பொன்போல் தேய்ந்திருந்தது. மூன்று விரல் அகலம். அவள் திரும்பி வருவதற்கு முந்தைய வருஷங்களில், துணியின் மறுமுனையை அவர் இங்கேதான் கட்டியிருக்கிறார்.

*

பயிற்சிக்கூடம் ஒரு பழைய கிடங்கின் மாடியில் இருந்தது. வியர்வையும் தோலும் கலந்த வாடை. சாவி வைத்திருந்தவரை எல்லோரும் வாளிக்காரர் என்றார்கள். அந்தக் காலத்தில் சண்டை மேடையில் அப்பாவின் மூலையில் தண்ணீர் வாளியும் பஞ்சுமாக நின்றவர். அவருக்கு அப்பா இறந்த செய்தியே தெரியாது. தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமைப் பயிற்சியைப் பற்றிக் கேட்டதும் தலை நிமிர்ந்தார்.

"இங்கயா? உங்கப்பா இந்தப் படியை மிதிச்சு யுகமாச்சும்மா. சம்மட்டியோட ஆடினதுதான் கடைசி."

சம்மட்டி யார் என்று அவர்தான் சொன்னார். அந்த நாளில் மூன்றாவது ரவுண்டைத் தாண்டி அவன் முன்னால் நின்றவர் கிடையாது. அவன் வலது கை விழுந்தால், விழுந்தவன் எழுந்து, தான் எந்த ஊர் என்று கேட்பான். விலாங்குக்கும் சம்மட்டிக்கும் போட்டி என்றதும் ஊரே மகள் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் கேட்டது. தடுக்கிறவன் தாங்குவானா? முடிவெட்டும் கடையில் தர்க்கம் முற்றிப் பாதித் தலையோடு எழுந்து போனவர்களும் உண்டாம்.

எட்டு ரவுண்டு. அப்பா தாங்கினார். முதல் மூன்று ரவுண்டில் சம்மட்டி அடித்த அடியெல்லாம் காற்றுக்குத்தான் போயிற்று. நாலாவதில் மூலையில் மாட்டிக்கொண்டார், எப்படியோ வெளியே வந்தார். அதற்குப்பிறகு நடந்ததைச் சொல்லும்போது வாளிக்காரரின் குரல் இத்தனை வருஷம் கழித்தும் புளித்துப்போயிருந்தது.

"அவன் தளர்ந்துட்டாம்மா. வலது கையைத் தூக்கவே யோசிக்கிறான். நான் கீழ இருந்து கத்துறேன், உள்ள போ, உள்ள போய் அடின்னு. உங்கப்பா போகலை. சும்மா தொட்டுட்டு தொட்டுட்டு நகர்றாரு. ஜனங்க கண்டபடி பேசுறாங்க. கடைசியில முன்னேறி வந்து ஆடினவன்னு சம்மட்டிக்குத்தான் குடுத்தாங்க. பயந்துட்டாருன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் சொன்னேன்."

அந்தத் தோல்வியின் வெட்கத்தில்தான் அப்பா கூடத்துக்கு வருவதை நிறுத்தினார் என்பது அவர் முடிவு. சம்மட்டியும் அதற்கப்புறம் மேடை ஏறவில்லை, ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான் என்றார். மகள் பையைத் திறந்து துணிச் சுருளைக் காட்டினாள். அவர் முகர்ந்து பார்த்தார். வலித்தைலம் வாடை அடிக்கிறதே, இது சண்டைக்குக் கட்டினது இல்லையே என்றார். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, சலவைக்கடைக்கு மேலே சம்மட்டியின் வீடு இருக்கிறது, ஒருமுறை அந்தப் படியில் உன் அப்பா இறங்கி வந்ததைப் பார்த்தேன், கேட்டதற்கு மீட்டர் பார்த்தேன் என்று சொன்னார் என்றார்.

அடுத்த சனிக்கிழமை மகள் அந்தப் படியில் ஏறினாள்.

*

கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து, "தள்ளு, தெறந்துதான் இருக்கு. புதுசாத் தட்டுற?" என்று குரல் வந்தது.

ஒரே அறை. ஜன்னலோரம் மேஜை. மேஜைமேல் அகலமான பாத்திரத்தில் தண்ணீர். அதன்மேல் ஆவி லேசாக எழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தைலப் புட்டி, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. ஒன்றில் ஒரு பெரிய மனிதர், வயதில் தளர்ந்த பெரிய தோள்கள். கைகளை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். வலது கையில் முட்டிகள் ஒரு வரிசையில் இல்லை. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் வேறு யாருடைய கையிலிருந்தோ எடுத்து வைத்ததுபோல் விலகி நின்றன.

அவர் அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னாலிருந்த படியைப் பார்த்தார்.

"விலாங்கோட பொண்ணுதானே? மூக்கைப் பார்த்தாலே தெரியுது. அடி படாத மூக்கு. அவன் எங்க, மெதுவா ஏறி வரானா? நானும் வாராவாரம் தண்ணியைக் கொதிக்கவெச்சு ஆறவெச்சு ஒக்காந்திருக்கேன். வரட்டும், பேசிக்கிறேன்."

இவருக்கு யாரும் சொல்லவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொல்ல வேண்டிய ஆளே சொல்லாமல் போய்விட்டவர்தான். படிக்கட்டில் தயார் செய்துவந்த கேள்விகள் எல்லாம் ஒருபுறம் ஒதுங்கின.

"அப்பா இறந்துட்டாங்க," என்றாள். "இங்க கெளம்பிக்கிட்டிருந்தப்போ."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே சலவைக்கடையின் குழாயிலிருந்து வெள்ளை ஆவி போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "எந்தப் பக்கமிருந்து வந்துது?" என்று கேட்டார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, அடியைக் கேட்கிறார்.

"நெஞ்சு," என்றாள். "உள்ள இருந்து."

"அப்ப அவன் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது," என்று தலையை ஆட்டினார். அவனை யாரும் குறைசொல்லிவிடக் கூடாது என்பதுபோல் இன்னொருமுறையும் சொன்னார். கண்ணைத் துடைக்க மணிக்கட்டின் பின்புறத்தைப் பயன்படுத்தினார். விரல்கள் அந்த வேலைக்கு மடங்கவில்லை.

உட்காரச் சொன்னார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதன் கைப்பிடியின் வண்ணம் இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தது.

"இரும்பை மெஷின்ல மாட்டி ஒடைக்கிறது நீதானே? ஒருதரம் ஒரு துண்டு ராத்திரி பூரா ஒடையவே இல்லைன்னு மறுநாள் எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் குடுத்தியாமே?"

அவள் அதை வீட்டில் ஒரே ஒரு வரியாகச் சொல்லியிருந்தாள். அப்பா அப்போது செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

சம்மட்டிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவள் சோதனைக்கூடக் குளிருக்கு அப்பாவின் பழைய கம்பளிச் சட்டையைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு போவது. அதற்காகவே அவர் அதைத் துவைத்து வெளியே வைப்பது. அம்மா போனபிறகு ஒரு வருஷம் வரைக்கும் அவர் பாலைப் பொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றது. எந்தத் தெருவில் எந்த நாய், அது குட்டி போட்டதா செத்ததா என்பது உட்பட. மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வேறு யாருடைய அப்பாவைப் பற்றியோ சொல்கிறார் என்று நடுவில் ஒருமுறை தோன்றியது.

"அப்பா இவ்வளவு பேசுவாங்களா?"

"பேசுவானாவா? வந்து ஒக்காந்தா வாயை மூடமாட்டான். நான்தான் போடா, காது வலிக்குதுன்னுவேன்." பாத்திரத்தைப் பார்த்தார். "எனக்குக் கட்டு போடும்போது அவன் ரெண்டு கையும் வேலையா இருக்குமில்ல. கை வேலையா இருந்தா எதை வெச்சுத் தடுப்பான்?"

நடைவழியில் துணி சுருட்டும்போதும் அவர் இரண்டு கையும் வேலையாகத்தான் இருந்தன. அவள் அதை நினைத்தாள், உடனே நினைப்பதை நிறுத்தினாள்.

நாலாவது ரவுண்டின் கதையை அவரே சொன்னார். மூலையில் வைத்து முழுப்பலத்தோடு வலது கையை விட்டார். விலாங்கின் தலை அங்கே இல்லை, முழங்கை இருந்தது. முழங்கையின் முனை. சத்தம் தனக்கும் அவனுக்கும் மட்டும்தான் கேட்டது. கையுறைக்குள் கை நொறுங்கிப்போயிற்று. வெளியே காட்டினால் ஆட்டம் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார். ஆனால் எதிரே நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? எவனாக இருந்தாலும் அந்த நிமிஷமே உள்ளே வந்து முடித்திருப்பான்.

"இவன் வரலை. மிச்ச ரவுண்டு பூரா என்னை நிக்கவெச்சுக் கூட்டிக்கிட்டுப் போனான், கெழவியை ரோடு தாண்ட வைக்கிற மாதிரி. ஜனங்க அவன்மேல காறித் துப்புறாங்க. கடைசியில நான் ஜெயிச்சேன்னு ரெஃபரி வந்து கையைத் தூக்குறாரு. எந்தக் கையை? ஒடைஞ்ச கையை. எனக்குக் கண்ணுல பூச்சி பறக்குது. இவன் பக்கத்துல வந்து ரெஃபரிகிட்ட மெதுவாச் சொல்றான், 'இடது கையைத் தூக்குங்க'ன்னு."

எலும்பு கோணலாகக் கூடியது. மாவுக்கட்டைப் பிரித்த மறுவாரம் அப்பா துணியோடும் தைலத்தோடும் இந்தப் படியில் ஏறினார். வெந்நீரில் நனைத்துச் சூடாகக் கட்டினால் வலி இறங்கும் என்றார். அதன்பிறகு எல்லாச் சனிக்கிழமையும்.

"ஒவ்வொரு வாரமும் ஒண்ணு கேப்பேன். முழங்கையை வேணும்னே காட்டுனியாடான்னு. பதில் சொல்லமாட்டான். 'கட்டு இறுக்கமா இருக்கா, தளர்த்தவா'ன்னுவான். காட்டியிருந்தாலும் தப்பில்லை. அது வித்தை. அவன் எடத்துல நான் இருந்தா அதைத்தான் பண்ணியிருப்பேன். இதைச் சொல்லியும் பாத்துட்டேன்." வலது கையை மேஜைமேல் அவள் பக்கமாக நகர்த்தினார். "நீ ஒடைஞ்சதைப் பாத்துச் சொல்றவளாமே. பாத்துச் சொல்லு."

மகள் அந்தக் கையை எடுத்தாள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது, மிகவும் குளிர்ந்திருந்தது. விலகிய முட்டிகளின்மேல் விரலை ஓட்டினாள். அடியின் திசை தெரிந்தது. எது முதலில் போயிற்று, எது பின்னால் போயிற்று என்பதும் ஓரளவு தெரிந்தது.

"எப்படி ஒடைஞ்சதுன்னு சொல்லலாம்," என்றாள். "எதுக்குன்னு இதுல இருக்காது."

"அவன் மாதிரியே பேசுற," என்றார் சம்மட்டி. அவருக்கு அது பிடித்திருந்ததுபோல் இருந்தது.

அவள் துணிச் சுருளைத் தண்ணீரில் போட்டாள். ஆவி அடங்கிவிட்டதால் எழுந்து இன்னொரு கெட்டில் கொதிக்கவைத்து ஊற்றினாள். கட்டத் தெரியவில்லை. கட்டைவிரலில் மாட்டு, பின்பக்கம் போ, மணிக்கட்டை மூணு சுற்று, இப்ப விரல் இடுக்கு என்று அவர் சொல்லச் சொல்லச் சுற்றினாள். சுற்றும்போது அவளிடம் ஏதாவது பேசச் சொன்னார். என்ன பேசுவதென்று தெரியாமல், அப்பா கடைசியாகச் சொன்னதைச் சொன்னாள். அடிக்கிற கையும் தாங்க வேண்டும் என்றாரே, அதை.

அவர் சுற்றிக்கொண்டிருந்த அவள் கையைப் பார்த்தார்.

"என்கிட்ட சொல்லாததைப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கான்," என்றார்.

நாலாவது சுற்றில் துணி ஓரத்திலிருந்து கிழிந்தது. ஈரத்தின் கனத்தைக்கூட அதனால் தாங்க முடியவில்லை. கிழிந்த இரண்டு நுனிகளையும் சேர்த்து முடிந்து, எப்படியோ கட்டி முடித்தாள். வீங்கிய கைக்கு இது போதாது, அகலமானதாக வாங்கிவருகிறேன் என்று சொல்லியிருந்தான் என்றார் சம்மட்டி. எனக்குத் தெரியும் என்றாள் மகள். வாசல்வரை வந்தவர், தான் விலாங்கைவிட இரண்டு வயது மூத்தவன், பெரியப்பா என்று கூப்பிட்டால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது என்று படியைப் பார்த்துச் சொன்னார்.

*

விளையாட்டுச் சாமான் கடை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது. கைக்கட்டுத் துணி கேட்டாள். கடைக்காரர் மூன்று விரல் அகலத்தில் விதவிதமான வண்ணங்களை எடுத்துப் போட்டார். அகலமானது வேண்டும், வழவழப்பு இல்லாத பருத்தி, வயதானவர் கைக்கு என்றாள்.

"அந்த மாதிரி ஒரே ஒரு ஜோடிதான் தருவிச்சேன்," என்றார் அவர். மேல்தட்டில் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. "ஒரு பெரியவர் கேட்டு வெச்சது. சனிக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்னு சொன்னாரு. ஆளைக் காணோம். நீங்க வேணா அடுத்த வாரம் வாங்களேன், ஒருவேளை அவர் வந்து கேட்டா என்ன பண்றது?"

"எங்கப்பாதான்," என்றாள் மகள். "அவங்களால வர முடியலை. குடுங்க."